சீமை அகத்திக் கிளைக்காக சாரத்துக்கு இரண்டு நடை

ஒரே ஒரு செடிக்காக மூலக்குளத்திலிருந்து சாரத்துக்கு இரண்டு நாளில் இரண்டு நடை போய்வந்தேன். இனிமேல் யாரும் என்னைப் போல அலையக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். வீட்டில் தாவரவியல் படிக்கிற பிள்ளை இருந்தால் முழுக்கப் படியுங்கள்.

என் பேத்தி வித்யா கல்லூரியில் நாற்பது செடிகளைக் காயவைத்து ஒட்டிக் கொடுக்கணும். ஒன்று குறைந்தாலும் செய்முறைத் தேர்வில் உட்கார விடமாட்டார்களாம். முப்பத்தொன்பது ஆகிவிட்டது. மிச்சம் சீமை அகத்தி. அவளோ கால் பிசகிப் படுத்துக்கொண்டாள். காய ஒரு வாரம் பிடிக்கும், கையில் இருந்ததோ ஒன்பது நாள்.

முன்பு எங்கள் தெருவில் இருந்து, இப்போது சாரத்துக்குக் குடிபோன தையல்கார பாய் வீட்டில் அந்தச் செடி இருப்பது எனக்குத் தெரியும். தோலில் வரும் படைக்கு அரைத்துப் பூச நானே வாங்கியிருக்கிறேன். புதன்கிழமை மதியம் ஒன்றரைக்கு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். முப்பத்தைந்து நிமிஷம் வெயிலில் நின்றேன். பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து இருபது நிமிஷ நடை. வழியில் ஒரு ஆட்டோக்காரரிடம் செடிக்காக வந்ததைச் சொல்லித் தெருவைக் கேட்டேன்.

"மஞ்சப் பூதானேம்மா? ரோட்டோரம் கொட்டிக் கெடக்கே, அதுல ஒடச்சிக்கோங்க."

அவர் காட்டியது ஆவாரம்பூ. மஞ்சளாக இருந்தால் எல்லாம் ஒன்றா?

சீமை அகத்தி ஆள் உயரத்துக்கு மேலே வளரும் புதர். ஒவ்வொரு இலையும் ஒரு முழத்துக்கு மேல். நடுக்காம்பின் இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாகச் சிற்றிலைகள், நுனியில் ஒற்றை இலை கிடையாது. நான் எண்ணியதில் பதினோரு ஜோடி. பூங்கொத்து மெழுகுவத்தி மாதிரி நிமிர்ந்து நிற்கும், கீழிருந்து மேலாகப் பூக்கும். காயில் நீளவாக்கில் நாலு சிறகு இருக்கும். காயைப் பார்த்தால் சந்தேகமே வராது.

பாய் சம்சாரம் ரஹ்மத் பூவும் காயுமாக நல்ல கிளை வெட்டிக் கொடுத்தாள். பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, நெரிசலில் நின்றபடி வீடு வரும்போது மணி ஐந்தே முக்கால். பையைப் பிரித்தால் அத்தனை இலையும் ஜோடி ஜோடியாக மூடிக்கொண்டு தொங்குது!

"ஆயா, இது சாயங்காலமானா தூங்கிடும். விரிச்சி அழுத்தினாத்தான் மார்க்கு."

"இத காலையிலேயே சொல்றதுக்கு என்னாடி?"

விரித்துப் பார்த்தோம், கிழிந்தது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஏழேகாலுக்கு ஆட்டோ. நாலரை கிலோமீட்டருக்கு நூற்றைம்பது கேட்டார், நூற்றிருபதுக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் ரஹ்மத், "என்னம்மா, செடியையே பேத்து எடுத்துட்டுப் போயிடுங்களேன்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வாசலிலேயே பேப்பரை விரித்து, ஒவ்வொரு சிற்றிலையாக விரலால் நீவி, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்துக் கயிறு கட்டினேன். காத்திருந்த ஆட்டோவில் ஏறி அதன் மேலேயே உட்கார்ந்தேன்.

"முட்ட மேல ஒக்காந்த மாதிரி இருக்கீங்களேம்மா!"

"ஆமாம்பா. ரோட்டப் பாத்து ஓட்டு, ஒடஞ்சிடப் போவுது."

ஒன்பதுக்கு முன்னால் வீடு. தினமும் பேப்பர் மாற்றினோம். பதினோரு ஜோடியும் விரிந்தபடியே காய்ந்தது.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: காலையில் போங்கள். பழைய பேப்பர், இரண்டு பலகை, கயிறு கையோடு இருக்கட்டும். வெட்டிய இடத்திலேயே அழுத்துங்கள். பிளாஸ்டிக் பையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

நேற்று ஒட்டி முடித்தோம். கீழே சீட்டில் செடியின் பேர், இடம், தேதி எல்லாம் வித்யா எழுதினாள். 'சேகரித்தவர்' என்ற இடத்தில் தன் பேரை எழுதப் போனாள். பேனாவை வாங்கிக்கொண்டேன்.

"மிஸ் கேட்டா என்னா சொல்றது ஆயா?"

"உங்க மிஸ்ஸு சாரத்துக்கு ரெண்டு நடை போய் வந்துட்டு அப்புறம் கேக்கட்டும்."

என் பேரை இனிஷியலோடு எழுதினேன்.