பலகை அதிராத ரேடியோ

தவில் அடிக்கும்போது எங்கள் ரேடியோவின் மேல்பலகை அதிரும். அதன்மேல் உள்ளங்கையை வைத்தால், எறும்புகள் வரிசை கலைந்து ஓடுவதுபோல ஒரு குறுகுறுப்பு மணிக்கட்டு வரைக்கும் ஏறும். பம்மலில் நாங்கள் குடியிருந்த இரண்டு அறை வீட்டில், முன்னறை மேசைமேல் இருந்த அந்த மரப்பெட்டி ரேடியோவை நாங்கள் எல்லோரும் காதால் கேட்டோம், அப்பா கையாலும் கேட்டார். தோல் பதனிடும் இடத்தில், எங்கள் பக்கத்துப் பேச்சில் "தோல் ஷாப்பில்", சுண்ணாம்புத் தண்ணீர் தெறித்து அவருக்கு இரண்டு கண்ணும் போனது நான் பிறப்பதற்கு முன்பே. "எனக்கு லைட்டு வாணாம், கரண்ட் பில்லு மிச்சம்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். வந்தவர்கள்தான் சிரிக்கலாமா கூடாதா என்று முழிப்பார்கள்.

கண் எழுந்துபோன நாற்காலியில் காது வந்து உட்கார்ந்துகொண்டது என்பார். கேட் திறக்கும் முன்பே செருப்புச் சத்தத்தை வைத்து ஆள் பெயரைச் சொல்லுவார். தலைக்கு மேலே மீனம்பாக்கத்துக்கு இறங்குகிற விமானம் பெரியதா சின்னதா என்பதும் அவருக்கு அத்துப்படி. சாயங்காலம் நாலு மணியானால் கைத்தடியோடு மெயின் ரோட்டு ஓரத்தில் போய் நின்று, பஸ்ஸையும் ஆட்டோவையும் லாரியையும் ஒவ்வொன்றாகக் காதிலேயே வழியனுப்பிவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் எதிர்ப்பக்கத்து டீக்கடைக்குப் போய்வருவார். நாளெல்லாம் பிறர் கையில் இருந்தவருக்கு, தன்னிஷ்டமாக நடந்த நடை அது ஒன்றுதான்.

நான் ஆறாவது படிக்கும்போது ரேடியோ "கரகர"வென்று இருமத் தொடங்கியது. பேப்பருக்குள் செருகி வந்த ஒரு நோட்டீஸ், ரேடியோ, டிவி, மிக்சி எதுவானாலும் வீட்டுக்கே வந்து பழுது பார்ப்பதாகச் சொன்னது. அம்மா தெருமுனைக் கடைக்குப் போய் அங்கிருந்து போன் பண்ணினாள். மறுநாளே தாம்பரத்திலிருந்து ஒருவர் வந்து நின்றார். சட்டைப்பையில் டெஸ்டர், நெற்றியில் விபூதி, "அக்கா, அக்கா" என்று வாய் நிறையப் பேச்சு. அம்மாவிடம் ஆளை அளக்க ஒரே ஒரு படிதான் உண்டு, சாப்பாடு போட்டுப் பார்ப்பது. "நம்ம உப்பத் தின்னவன் துரோகம் பண்ண மாட்டான்" என்பது அவள் கட்சி. வந்தவர் இரண்டு தடவை சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதோடு அவர் எங்கள் ஆள் ஆகிவிட்டார். நம் வீட்டில் கை நனைத்தவரிடம் ரசீது கேட்பது மரியாதையா? கேட்கவில்லை. "உள்ள பெரிய வேலை கீதுக்கா, கடைக்கு எடுத்துகினு போனாத்தான் ஆவும்" என்று பழைய போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்.

ஒரு வாரம் அப்பா வெறும் மேசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேடியோ பளபளவென்று திரும்பி வந்தது, பாடியது, இருமல் போன இடம் தெரியவில்லை. அம்மாவுக்கு வாயெல்லாம் பல். அப்பா மட்டும் பலகைமேல் வைத்த கையை எடுக்கவே இல்லை.

"பாட்டு வர்து. அடி வரலியேப்பா."

"இன்னா அடி?" என்றார் சர்வீஸ்காரர்.

"தவிலு அடி. பலகை கம்முனு கீது. இது எங்க ஸ்பீக்கரு இல்ல."

"நைனா, எல்லாம் உங்குளுதுதான். கிளீன் பண்ணதுல சவுண்டு மெலிசா கீது, போவப்போவ செட் ஆயிடும்." சொல்லிக்கொண்டே, பின்மூடியின் திருகாணிமேல் ஒரு சின்னக் காகிதத்தை ஒட்டினார். "அக்கா, இந்த சீலு கிழிஞ்சா கேரண்டி கெடையாது, பாத்துக்க."

அவர் போன பிறகும் அப்பா விடவில்லை. "ஏமாத்திட்டான்டி" என்றார். அம்மாவுக்கு வந்ததே கோபம். "நம்ம வூட்ல சாப்ட்டுப் போன புள்ளைய இப்பிடிப் பேசாதய்யா! கண்ணால பாக்கறதும் பொய், காதால கேக்கறதும் பொய்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?" அந்தப் பழமொழிக்கு ஒரு வால் உண்டு, தீர விசாரிப்பதே மெய் என்று. அது அன்றைக்கு எங்கள் வீட்டில் யார் வாயிலும் வரவில்லை. அப்பா என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நீ சொல்லும்மா. கைய வெச்சுப் பாத்துச் சொல்லு."

வைத்தேன். உள்ளங்கையில் எதுவும் ஏறவில்லை. ஆனால் ஒரு வாரமாகக் காத்திருந்த பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, இவர்கள் சண்டையில் அது பாழாகிறதே என்ற எரிச்சலில், "எல்லாம் நல்லாத்தாம்பா கீது. உனக்குத்தான் காது மந்தமாயிடுச்சு" என்றேன்.

அப்பா பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் அவர் டீக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் ரோட்டு ஓரம் வரைக்கும் போய், அரைமணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். "காதே போச்சுன்றீங்க. அப்பறம் எத்த நம்பி ரோட்ல கால வெக்கறது?" அன்றிலிருந்து, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர் கையைப் பிடித்து டீக்கடைக்குக் கூட்டிப்போவது என் வேலையாயிற்று. செருப்புச் சத்தத்துக்கே பெயர் சொன்ன மனிதர், "யாரது?" என்று கேட்க ஆரம்பித்தார்.

அம்மாவோ ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ரேடியோவுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும்போது, அந்தச் சீலின்மேல் ஈரம் பட்டுவிடாமல் விரலை ஒதுக்கி ஒதுக்கி வைப்பாள். கேரண்டி முடிந்து எத்தனையோ வருஷமான பிறகும் அதைக் கிழிக்க யாருக்கும் மனசு வரவில்லை. திருடன் போட்டுவிட்டுப் போன பூட்டுக்கு நாங்களே காவல் இருந்தோம்.

பன்னிரண்டாவது முடித்து, பாலிடெக்னிக்கில் நான் எலக்ட்ரானிக்ஸ் சேர்ந்த வருஷம் ரேடியோ அடியோடு நின்றுபோனது. சீலைக் கிழித்து மூடியைக் கழற்றினேன். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருந்த வட்டமான ஓட்டையை ஒரு அட்டை அடைத்திருந்தது. அட்டை நடுவில், டீ டம்ளர் வாய் அளவுக்கு ஒரு ஸ்பீக்கர், பசை வழிய ஒட்டியிருந்தது. அம்மா பார்த்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

நான்தான் அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே விட்டேன். அவர் விரல் பெரிய வட்டத்தின் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றி, அட்டையைத் தொட்டு, அந்தச் சின்னதை வந்து தொட்டது.

"அப்போ எனக்கு நல்லாத்தான் கேட்டுச்சாம்மா?"

"நல்லாத்தாம்பா கேட்டுச்சு. எனக்கும் அப்பவே தெரியும்பா" என்றேன். அவர் என் தலையைத் தேடிப்பிடித்துத் தடவிக்கொடுத்தார்.

மறுநாள் நாலு மணிக்குக் கைத்தடியை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பியபோது, நான் வேண்டுமென்றே அறைக்குள்ளேயே இருந்தேன். கேட் வரைக்கும் போனார். நின்றார். ரோட்டுப் பக்கம் காதைச் சாய்த்து வெகுநேரம் நின்றார். பிறகு, "வாம்மா, கூட வா" என்றார். ஏழு வருஷம் கையைப் பிடித்து நடந்த கால்களுக்குத் தனியாக நடக்கும் தைரியம் விட்டுப்போயிருந்தது. அந்த வாரமே, தாம்பரத்தில் அந்த நோட்டீஸின் விலாசத்தைத் தேடிப் போனேன். அங்கே ஒரு வளையல் கடை இருந்தது.

இப்போது அப்பா இல்லை. ரேடியோ பழைய சாமான்காரரோடு போனது. டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. ரோட்டுக்கு நடுவே தடுப்பு வைத்துவிட்டார்கள். போன மாதம் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, அவர் நிற்கும் ஓரத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டேன். பஸ், பைக், லாரி எல்லாம் ஒரே இரைச்சலாகக் கலந்து வந்து முகத்தில் மோதின. எது கிட்ட, எது எட்ட என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ஒரு அடி எடுத்து வைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். கால் எழவில்லை.