கேப்டன் வெல்பிக்கு வந்த கடுதாசி

சீனித்தாய்க்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தணியும். அவள் புருஷன் லிங்கராஜுக்கு அதுதான் பயம்.

தூத்துக்குடி பீச் ரோட்டுப் பக்கம் அவர்களுக்குப் பழைய பேப்பர் கடை. கப்பல் கம்பெனி ஒன்றின் கிட்டங்கியை இடித்தபோது வந்த மூட்டையில், அரக்கு முத்திரை உடையாத கடுதாசி ஒன்று கிடந்தது. ரிட்டயர்டு சரித்திர வாத்தியார் டிக்சன் மேல்விலாசத்தை வாசித்து, இரண்டு நாள் விசாரித்துவிட்டு வந்தார்.

"கேப்டன் வெல்பிக்கு அவன் சம்சாரம் எழுதினது. தெற்கே பனிக்கடல்ல புது நிலம் தேடிப் போனவன். இங்கன பத்து நாள் கப்பலை நிறுத்தியிருக்கான். கடுதாசியும் அப்போ இங்கனதான் இருந்திருக்கு. ஏன் கொடுக்கலைன்னு தெரியலை. பொறவு அவன் திரும்பவே இல்லை."

"ஏளா, உடைச்சுப் பார்ப்போமா?" என்றான் லிங்கராஜ்.

"பொண்டாட்டி புருஷனுக்கு எழுதினதை நாம படிக்கதா?"

அரசாங்க ஆவண ஆபீசில் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். சீல் வைத்த ரசீதும் கேட்டு வாங்கினாள். இரண்டு மாதம் கழித்துப் போனால் கடுதாசி இல்லை. மதுரைக்கு அனுப்பினோம் என்றார்கள். மதுரையில், வரவே இல்லை என்றார்கள். ரசீதில் கையெழுத்துப் போட்டவர் மாற்றலாகிப் போயிருந்தார்.

"ஒரு பழைய தாளுக்காம்மா இவ்வளவு அலையுதீங்க?" என்றார் புதிய அதிகாரி கிருபாநிதி.

சீனித்தாயின் குரல் தணிந்தது. "மூட்டைக்குள்ள நூறு வருஷத்துக்கு மேல பத்திரமா கெடந்துது சார். உங்க கையில ரெண்டு மாசம் தாங்கலை. அந்தப் பொம்பளை என்ன எழுதினாளோ, இனி ஒருத்தருக்கும் தெரியாது. கேப்டன் கையில சேராமப் போன அன்னைக்கும் உங்களை மாதிரி ஒருத்தர்தான் மேசையில உக்காந்திருப்பாரு."

அவர் ஃபைலைப் புரட்டினார். நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். ஏட்டு மனுவை வாங்கவே யோசித்தார். "காணாமப் போனது யாரு பொருள்?"

"கேப்டன் வெல்பி. எழுதுங்க."

"அவர் எங்க இருக்காரு?"

"செத்து எத்தனையோ வருஷமாச்சு. அதுக்காகத் தொலைக்கலாமா?"

ஏட்டு எழுதும்வரை அவள் கவுண்டரை விட்டு நகரவில்லை. கடுதாசி இன்றுவரை கிடைக்கவில்லை. மாதத்துக்கு ஒருதரம் கடையை லிங்கராஜிடம் விட்டுவிட்டு ஆபீசுக்குப் போகிறாள். அன்றே உடைத்துப் படித்திருக்கலாம் என்று அவன் ஒருமுறை சொன்னான். இரண்டு நாள் அவனோடு அவள் பேசவில்லை. அதே நினைப்பு அவளுக்கும் இருந்தது.