பெரிய வெள்ளியில் பிடில்

நெடுந்தீவு பாவிலுவுக்கு விசர், பைத்தியம் என்றது ஊர். ஊருக்கென்ன, சொல்லும். கடலில் மாண்ட தம்பி கூப்பிடுகிறான் என்று அவர் திடீரென எழுந்து ஓடுவார். பிடிலை எடுத்து வாசித்தால்தான் அந்தக் குரல் அடங்கும்.

1936ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளி. ஆண்டவர் சிலுவையில் மாண்ட, கோயில் மணிகூட ஒலிக்காத துக்க நாளில் வாத்தியம் தொடுவது பாவம். மனைவி செபமாலை பிடிலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.

மத்தியானம் பாவிலுவுக்குத் தம்பியின் குரல் கேட்டது. காதுகளைப் பொத்திக்கொண்டார்.

"பொறுங்கோ, நாளைக்கு மணி அடிச்சிடும், பிறகு வாசிக்கலாம்" என்றாள் அவள்.

"ஏலாதப்பா, தம்பி கூப்பிடுறான்" என்றபடி அவர் கடலை நோக்கி ஓடினார்.

செபமாலை அலுமாரியைத் திறந்து, பிடிலோடு பின்னால் ஓடினாள். முழங்காலளவு தண்ணீரில் அவரை மறித்து, பிடிலை நீட்டினாள்.

"வாசியுங்கோ. பாவம் என்ரையெண்டு கோயில் சாமியாரிட்டை நான் சொல்லுறன்."