தண்ணீர் டேங்கரில் சிக்கியிருந்த துண்டு

சபையாரே, எனக்கு நயமாகப் பேச வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

போன வருடம் ஜூலையில், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், என் வீட்டுக்காரர் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடித்து பைக்கில் கிளம்பினார். கம்பெனிகளுக்கு நடுவே ஒரு சந்தில் விழுந்து கிடந்தார். தூக்கியவர்கள் வந்தபோது அங்கே வேறு வண்டி இல்லை. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தலையில் அடி. எப்படி விழுந்தார் என்பது அவருக்கே நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் நான் முதலில் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவர் சட்டையை மோந்து பார்த்தேன். அவர் குடியை விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. வாடை இல்லை. ஆனாலும் நான் நம்பவில்லை. ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்தில் ஒருவரும் நம்பவில்லை.

தானாக விழுந்தார் என்று ஸ்டேஷனில் எழுதிவிட்டார்கள். இன்சூரன்ஸ் விசாரணைக்கு வந்தவரும் அதையே எழுதிக்கொண்டு போனார். அதுவே நிலைத்துவிட்டால் நஷ்டஈடு கிடையாது. அதைவிட, சாகும்வரை அவர் குடித்துவிட்டு விழுந்தவர்தான். அந்தச் சாலையில் கடை கடையாக ஏறி, கேமராவைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து நான் வெளியே வருவதற்குள் எல்லாம் அழிந்திருந்தது. ஏட்டிடம் சண்டை போட்டேன்.

“சாட்சி இல்லம்மா. அவரே விழுந்துட்டாரு, அஷ்டே, அவ்ளோதான்” என்று ஃபைலை மூடினார்.

எங்கள் பைக்கில் ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியில் ‘இயேசு காக்கிறார்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தோம். வண்டி வாங்கிய அன்று பாஸ்டர் எண்ணெய் பூசி, ஜெபித்து ஒட்டியது. ஸ்டேஷனிலிருந்து வண்டியை மீட்டபோது மூடி உடைந்து ‘இயேசு’ மட்டும் மிச்சம் இருந்தது. மற்ற பாதியைக் காணோம். போலீஸ் எடுத்த போட்டோவிலும் அப்படித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைப் பிடுங்கிப் பரண்மேல் எறிந்தேன்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் நீங்கள் எல்லாரும் எனக்காக அழுதீர்கள். நான் அழவில்லை, ஆண்டவரைத் திட்டினேன். பார்த்தவர் நீர் ஒருவர்தான், வந்து சொல்லும் என்றேன். வாரா வாரம் அதே ஜெபம். வேறு வார்த்தை வரவில்லை.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, நெற்றியில் குங்குமத்தோடு ஓர் ஆள் வாசலில் நின்றார். முருகேசன் என்று பெயர் சொன்னார். தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறவர். நான் கேமரா கேட்டு ஏறி இறங்கிய கடைகளில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாராம். பூஜைக்காக வண்டியைக் கழுவி, பின்பக்க பம்பரில் வாழைக்கன்று கட்டக் கையை விட்டபோது ஏதோ விரலைக் கிழித்ததாம். பையிலிருந்து அதை எடுத்தார். எங்கள் மூடியின் மற்ற பாதி. ‘காக்கிறார்’.

“அக்கா, அந்தச் சந்துல சிக்னல் போடாம திரும்பினது நான்தான். இடிச்ச சத்தம் கேட்டுச்சு. யாரும் பாக்கல, வாயத் தொறக்காதேன்னாரு ஓனரு. நானும் இருந்துட்டேன். இதப் பாத்தப்புறம் வண்டிக்குப் பொட்டு வைக்கக் கை வரல.”

அறையக் கை ஓங்கினேன். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் சொன்னார்: “வேணாம். அவர உக்காரச் சொல்லு.”

பரண்மேல் ஏறி என் துண்டை எடுத்து வந்தேன். இரண்டும் பொருந்தின. முருகேசனையே ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனேன். வாயால் ஒப்புக்கொண்டார். டேங்கரைப் பார்த்தபோது பம்பரின் மடிப்பில் எங்கள் பைக்கின் சிவப்பு பெயின்ட்டும் இருந்தது. ‘தானாக விழுந்தார்’ என்பதை அதே ஏட்டு மாற்றி எழுதினார்.

கால் திரும்ப வரவில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது, இரண்டு துண்டும் கோர்ட்டில் இருக்கின்றன. ஆனால் அன்று வீட்டுக்கு வந்ததும், சட்டையை மோந்து பார்த்ததை என் வீட்டுக்காரரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் என் தலையில் கை வைத்தார். முருகேசனுக்கு வேலை போய்விட்டது. அவர் பேரைச் சொல்லித்தான் இப்போது ஜெபிக்கிறேன்.

உங்களுக்கும் திட்டத்தான் வருகிறதா? திட்டுங்கள், ஆனால் ஆண்டவரிடமே போய்த் திட்டுங்கள். அவர் கேட்கிறார். பதிலைக் கொண்டுவருகிற ஆளின் நெற்றியில் குங்குமம் இருக்கலாமா கூடாதா என்று மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.