ஸ்கிரீனை மூடிய கேமரா

சோளக்காடு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஸ்டூடியோ வைத்திருந்தார் அவர். முப்பது வருடம் ஃபிலிமில் படமெடுத்த கை. முதல் டிஜிட்டல் கேமரா வாங்க, மலைக்கு மாற்றலாகி வந்த வாத்தியாரான என்னிடம் யோசனை கேட்டார். என்னிடம் இரண்டு கேமரா இருந்ததுதான் என் தகுதி.

இரண்டையும் கொண்டுபோய் மெகாபிக்சல் கணக்கெல்லாம் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. மாற்றி மாற்றிச் சொடுக்கிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அவருடைய கட்டைவிரல், இல்லாத ஃபிலிமைத் தள்ளிவிட்டது.

"ஏனுங்க சார், இதுல எதோட ஸ்கிரீன மூடி வெக்கலாமுங்க?"

ஒன்றில் ஸ்கிரீனை உட்பக்கமாகத் திருப்பி மடிக்கலாம். அதே மாதிரி வாங்குவதென்று முடிவு செய்துவிட்டார்.

"படத்தை உடனே பார்க்கத்தானே டிஜிட்டல்?" என்றேன்.

"உடனே பாத்தா யாருக்குமே அவங்க மூஞ்சி புடிக்காதுங்க. இன்னொண்ணு எடும்பாங்க. ரோலு நாமக்கல் போயி, கழுவி பிரிண்ட்டாகி வெள்ளிக்கிழமை வந்தப்ப, மறுபேச்சில்லாம வாங்கிட்டுப் போனாங்க."

புதுக் கேமராவில் அவர் முதலில் எடுத்தது என்னைத்தான். காட்டச் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை வாங்க சார்."

போனேன். படத்தில் என் கண்கள் பாதி மூடியிருந்தன. ஆனால் அதற்கு முந்தைய நான்கு நாளும் நான் அழகாகத்தான் இருந்தேன்.