ஏழு நாள் நோட்டீஸ்

ஆமத்தூரில் என் அக்கா ஜெபராணியை இன்றைக்கும் 'பினாங்கு நர்ஸம்மா' என்றுதான் சொல்கிறார்கள். அவள் கப்பலேறி இந்தத் தை மாதத்தோடு பதினோரு வருஷம். நான் இங்கேயே பள்ளிக்கூடத்தில் டீச்சர். என்னையும் 'நர்ஸம்மா தங்கச்சி' என்றுதான் சொல்வார்கள். செல்வமணி என்று எனக்கொரு பேர் இருப்பது பள்ளிக்கூட ரிஜிஸ்தருக்கு மட்டும் தெரியும்.

சட்டத்துக்குக் கட்டுப்படுவதில் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது, பார்வை நேரம் முடிந்து மணி அடித்ததும் பெற்ற தாயையே வார்டை விட்டு வெளியே அனுப்பியவள். அம்மா அதைத் தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் அப்படி ஆனதற்கு எங்கள் வீட்டுப் பிடியரிசிக் கலயம்தான் காரணம் என்பேன். எங்கள் சபையில் ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போடுவார்கள். மாதம் ஒரு தடவை உபதேசியார் தங்கச்சாமி சாக்கோடு வந்து வாங்கிப்போவார். அது கோயிலுக்குக் காணிக்கை, வீட்டுக்காரர் தொடக் கூடாது. அப்பா இறந்து, மழையும் பொய்த்துப்போன ஒரு வருஷம், நான் பசியில் அழுதேன். எனக்கு ஆறு வயசு, அக்காவுக்குப் பன்னிரண்டு. அம்மா தீப்பெட்டிக் கம்பெனிக்குக் குச்சி அடுக்கப் போயிருந்தாள். அக்கா கலயத்துக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி எனக்குக் கஞ்சி வைத்தாள். அம்மா வந்து பார்த்துவிட்டு, கரண்டிக் காம்பால் அவள் புறங்கையில் போட்டாள் ஒன்று. இரண்டு நாள் வீக்கம் வடியவில்லை. கஞ்சி குடித்தது நான், அடி வாங்கியது அவள். அன்றிலிருந்து எடுத்து வைத்ததை அக்கா தொட்டதே இல்லை.

பினாங்கில் முதல் சம்பளம் வாங்கியதும், பாங்கில் கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி ஆஸ்பத்திரியிலேயே அனுப்பியிருக்கிறார்கள். ஊர் புதுசு, பாஷை புதுசு. நல்லவேளையாகப் பாங்கில் தனுஷ்கோடி என்று ஒரு குமாஸ்தா, சாத்தூர்ப் பக்கத்துக்காரர். "உக்காருங்க சிஸ்டர். நம்மூருப் பக்கமா இருக்கீக!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு விளக்கினாராம். கரண்ட் அக்கவுண்ட் என்றால் செக் புஸ்தகம் தருவார்கள், நினைத்தபோது எடுக்கலாம், வட்டி கிடையாது. டெபாசிட் என்றால் வட்டி உண்டு, ஆனால் எடுப்பதற்கு ஏழு நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"இதுல லேசுல எடுக்க முடியாதது எது?" என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எடுக்கத் தோதானது எதுன்னுதான் எல்லாரும் கேப்பாக. எடுக்க முடியாததக் கேக்குறது நீங்க ஒருத்தருதான் சிஸ்டர். வந்த எடத்துல அவசரம் ஆத்திரம்னா என்ன செய்வீக? ரெண்டுலயும் கொஞ்சம் கொஞ்சம் போட்டு வைங்க."

அக்கா கேட்கவில்லை. அவளுக்கு ஒரே கணக்கு. அம்மா தீப்பெட்டி வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக ஓட்டு வீடு கட்டி உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஊருக்கு அனுப்பியது போக, கைச்செலவுக்கு அந்த ஊர்ப் பணம் பத்து வெள்ளி வைத்துக்கொண்டு, மிச்சத்தையெல்லாம் டெபாசிட்டிலேயே போட்டாள். 'நம்ம வீட்டுக் கலயம் மாதிரி ஒன்னு இங்கயும் இருக்கு' என்று கடிதம் எழுதியிருந்தாள். நான் படித்துக் காட்டினேன். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மறு வருஷம் அம்மாவுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. விருதுநகரில் காட்டினோம். டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "வெளியூர்ல இருக்கவுங்களுக்குச் சொல்லிருங்க" என்றார். நான் தந்தி கொடுக்கக் கிளம்பியபோது அம்மா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, சீரியஸுன்னு கீரியஸுன்னு போட்டுறாத. அங்கன ஒத்தையில கெடக்கா. பிள்ள பயந்துரும்."

நானும் அம்மா பேச்சைக் கேட்டு, 'அம்மாவுக்குச் சுகமில்லை, புறப்பட்டு வா' என்று மட்டும் கொடுத்தேன். இந்த விஷயத்தில் என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

திங்கட்கிழமை தந்தி போய்ச் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை பினாங்கிலிருந்து கப்பல். லீவு உடனே கிடைத்துவிட்டது. அக்கா பாங்குக்குப் போனாள். தனுஷ்கோடி அன்று அங்கே இல்லை. வேறொருவரிடம், ஏழு நாள் கழித்துப் பணம் வேண்டும் என்று முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டு, முத்திரை விழுந்ததா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். காரணம் சொல்லவில்லை. யாரிடமும் கடன் கேட்கவும் இல்லை. சுகமில்லை என்றுதானே போட்டிருக்கிறது, இரண்டு வாரம் கழித்து வரும் அடுத்த கப்பலில் போய்க்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமைக் கப்பல் அவள் இல்லாமல் போனது.

ஏழு நாள் கழித்துப் பணம் வாங்கப் போனபோது தனுஷ்கோடி பார்த்துவிட்டார். மொத்தத்தையும் எடுக்கிறாளே என்று கேட்க, இவள் தந்தியைக் காட்டினாள்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டாராம். "ஒரு வார்த்த கேட்டிருக்கப்படாதா சிஸ்டர்? தாய்க்கு முடியலன்னா அன்னைக்கே குடுத்திருப்பாகளே! அந்த ஏழு நாள் வட்டி மட்டுந்தான் போகும். அது எம்புட்டு? ஒரு வெள்ளிகூட வராது."

அக்கா பெட்டியோடு எங்கள் தெருவில் வந்து இறங்கியபோது அம்மாவைப் புதைத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. முதல் கப்பலில் வந்திருந்தால் நாலு நாள் கிடைத்திருக்கும். நாலு முழு நாள். அந்த நாலு நாளும் அம்மா நல்ல நினைவோடுதான் இருந்தாள். பஸ் ஹாரன் கேட்கும்போதெல்லாம் "போய்ப் பாருட்டி" என்பாள். நானும் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

அக்கா அழவில்லை. பாங்குக் கதையை மட்டும் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வாசிப்பதுபோல் முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். 'ஒரு வெள்ளிகூட வராது' என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். எனக்குக் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

"அம்மா எனக்கு ஏதாச்சும் சொன்னாளாட்டி?" என்று கேட்டாள்.

சொன்னாள். சாவதற்கு முந்தின நாள் அடுப்படி மூலையில் இருந்த கலயத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தவள், "அந்தப் பஞ்சத்துல ஒங்கக்கா கையில கரண்டியால போட்டேனே, நெனவிருக்கா?" என்றாள். இருக்கிறது என்றேன்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்ட்டி. பிள்ளைகளுக்குப் பசிச்சா ஆண்டவர் வேண்டாம்னா சொல்லப்போறாரு? கேக்காம எடுத்தாளேன்னுதான் அடிச்சேன். அவ அத வேற மாதிரி எடுத்துக்கிட்டா போலருக்கு. வந்ததும் நானே சொல்லணும். நான் சொல்லாட்டி நீ சொல்லிரு."

சொல்கிறேன் என்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வாக்குக் கொடுத்திருந்தேன்.

என் முன்னால் உட்கார்ந்திருந்த அக்காவின் கையைப் பார்த்தேன். மூன்று வாரத்துக்கும் முன்னால் ஏழு நாள் நோட்டீஸ் எழுதிக் கொடுத்த கை. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்பதை அவள் இன்னொரு தடவையும் கேட்க வேண்டாம் என்று தோன்றியது. "ஒன்னும் சொல்லலக்கா. ஒம்பேரச் சொல்லிக்கிட்டே இருந்தா" என்றேன்.

திரும்பிப் போனதும் அக்கா கணக்கை மாற்றிவிட்டாள். இப்போது வட்டியில்லாத கரண்ட் அக்கவுண்ட்தான். நம் பக்கத்திலிருந்து புதிதாக நர்ஸ் பிள்ளைகள் யார் வந்தாலும் முதல் சம்பளத்தன்று பாங்குக்குக் கூட்டிப்போய், பக்கத்தில் நின்றுகொண்டு, "கேளுட்டி. வாயத் தொறந்து கேளு" என்பாளாம். காரியாபட்டியிலிருந்து போன ஒரு பெண், நர்ஸம்மா பாங்கில் வைத்துத் தன்னை அதட்டியதாக வீட்டுக்கு எழுதியிருந்தாளாம்.

ஓட்டு வீடும் கட்டியாகிவிட்டது. அதில் நான் இருக்கிறேன். கலயத்தையும் இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறேன், பிடியரிசியும் தவறாமல் போடுகிறேன். போன வருஷம் லீவில் வந்தபோது அக்கா அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "நெசமாவே அம்மா எனக்கு ஒன்னும் சொல்லலியாட்டி?" என்று மறுபடியும் கேட்டாள்.

ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் போன வருஷமும் சொன்னேன்.