பெற்றோல் மச்சானும் என் டீசல் வாகனமும்

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடித்து வெளியே வந்தபோது, பள்ளிவாசல் மதிலோரம் புத்தம் புதிய பிக்கப் வாகனம் ஒன்று இயங்கிய நிலையில் நின்றிருந்தது. அதன் சொந்தக்காரர் எங்கள் தெருவில் அரிசிக்கடை வைத்திருப்பவர். நான் பழைய பழக்கத்தில் முன்மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அதைக் கண்டுவிட்ட அவர், "ஹாஜியார், டீசலா பெற்றோலா, சொல்லுங்க பாப்பம்" என்று கேட்டார். அதிர்வும் இல்லை, புகையும் இல்லை, வாடையும் இல்லை. சற்று யோசித்துப் பெற்றோல் என்றேன். அது டீசல். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். ஒரு காலத்தில் தெருமுனையில் திரும்பும் வாகனம் யாருடையது என்பதைப் படுக்கையில் கிடந்தவாறே சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டவன் நான்.

நண்பரே, அந்நாளில் இந்தக் கேள்வியை எவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. டீசல் வாகனம் வைத்திருப்பவனை அவன் இடுப்பில் உடுத்த சாரமே காட்டிக்கொடுத்துவிடும். எத்தனை முறை சவர்க்காரம் போட்டாலும் போகாத வாடை அது. என் மனைவி என்னுடைய துணிகளைப் பிள்ளைகளின் துணிகளோடு சேர்த்து ஊறவைக்கச் சம்மதித்ததே இல்லை. தன்னுடைய தம்பியின் சட்டையை மட்டும் முகர்ந்து பார்த்து, "இது மணம், உங்கடது நாத்தம்" என்பாள். அவளுடைய தம்பி, அதாவது என் மச்சான் கலீல், பெற்றோல் பிக்கப் வைத்திருந்தான்.

நாங்கள் இருவரும் சாய்ந்தமருதில் ஒரே வளவில் குடியிருந்து, ஒரே தொழிலைச் செய்தோம். கரையிலிருந்து மீன் ஏற்றுவோம். நாவிதன்வெளிப் பக்கமிருந்து நெல் மூட்டை கொண்டுவருவோம். தோணிகளை ட்ரெயிலரில் வைத்து இழுப்போம். தொழில் ஒன்றாக இருந்தபடியால், எந்த வாகனம் சிறந்தது என்ற வாதம் சோற்றுத் தட்டுவரை எங்களோடு வரும். நியாயமாகச் சொல்வதானால் இரண்டு பக்கத்திலும் உண்மை இருந்தது. பாரத்தை இழுக்கும்போது என் டீசல் அவசரப்படாது. முதலாம் கியரில் போட்டுவிட்டால் மாடு நடப்பதுபோல் ஒரே சீராக நடந்து ஏறிவிடும். அவனுடைய பெற்றோல் அதே பாரத்துக்கு உறுமி, சுழன்று, கிளச் கருகிய வாடையைக் கிளப்பிய பின்னர்தான் நகரும். ஆனால் சாவியைத் திருப்பியதும் எழும்பிவிடும். பழுதானால் பிளக்கைக் கழற்றித் துடைத்து, அரைமணியில் தெருவோரத்திலேயே திருத்திவிடலாம். என்னுடையது எண்ணெய்க் குழாயில் சிறிது காற்று புகுந்தாலும் நின்றுவிடும். அந்தக் காற்றை எடுக்கும்வரை அசையாது. போதாக்குறைக்கு அதன் ஸ்டார்ட்டர் வலுவிழந்திருந்தது. ஆகவே எப்பொழுதும் ஒரு சரிவு தேடி நிறுத்துவேன். சரிவில்லாத இடத்தில் என்ஜினை அணைக்காமலே விட்டுவிடுவேன்.

கலீலுக்கு வேறொரு பழக்கம் இருந்தது. எங்கள் கரையில் தோணி என்ஜின்கள் பெற்றோலில் எழும்பி மண்ணெண்ணெயில் ஓடுபவை. சூடேறியதும் ஒரு சிறு குழாய்த் திருகைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துமுன் மறுபடியும் பெற்றோலுக்கு மாற்றுவார்கள். மறந்தால் அடுத்த முறை எழும்பாது. பிறந்ததிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவன் தனது பிக்கப்பிலும் ஆசனத்தின் கீழே ஒரு சிறு மண்ணெண்ணெய்த் தாங்கியையும் திருகையும் பூட்டியிருந்தான். பெற்றோல் கிடைப்பது அரிதாக இருந்த நாட்களில் தொடங்கி, தாராளமாகக் கிடைத்தபோதும் கைவிடாத வழக்கம் அது. வெளியூர் மெக்கானிக் ஒருவர் அதைக் கண்டு தலையில் கைவைத்தார். கலீலோ, "கடல்ல ஓடுறது கரையில ஓடாதா?" என்று கேட்டான். ஓடத்தான் செய்தது.

வாடைக்காற்று தொடங்குமுன், தெற்கே அறுகம்பேயில் தொழிலுக்குப் போயிருந்த எங்களூர்த் தோணிகளைத் தரைவழியாக வீடு சேர்ப்பது அக்காலத்து வழமை. ஓராண்டு கடைசித் தோணியாக எஞ்சியிருந்தது, அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்றழைக்கும் ஆதம்லெவ்வைக் காக்காவினுடையது. முந்திய வருடம் தன் பழைய தோணியைப் பாறையில் பறிகொடுத்துவிட்டு, மீண்டும் அரும்பாடுபட்டு வாங்கிய தோணி அது. அது போனால் கடற்தொழிலும் போயிற்று என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆகையினால் இரண்டு வாகனங்களிலும் போனோம். ஒன்று தோணிக்கு, மற்றது வலைகளுக்கும் சாமான்களுக்கும்.

பின்னேரம் அஸர்த் தொழுகை நேரத்தில் கரையை அடைந்தபோதே கடல் முறுகிக்கொண்டிருந்தது. தோணியை யார் இழுப்பது என்று எங்களுக்குள் வழக்கமான வாதம் எழுந்தது. பாரம் குறைந்த வாகனம் மணலில் புதையாது என்று கலீல் சொன்னான். அதில் பிழையில்லை. காக்காவும் தலையசைத்தார். கலீல் தன் வாகனத்தைப் பின்னோக்கி ஓட்டி ட்ரெயிலரை நீருக்குள் இறக்கினான். தோணி ட்ரெயிலரில் ஏறி, கயிறும் கட்டியாயிற்று. அப்பொழுது ஒரு பெரிய அலை வந்து வாகனத்தின்மேல் உடைந்தது. என்ஜின் இருமிற்று. அவன் குனிந்து திருகைத் திருப்புவதற்குள் அடங்கிவிட்டது. உள்ளே மண்ணெண்ணெய், வெளியே உப்புநீர். சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் பயனில்லை. அடுத்தடுத்த அலைகளில் சக்கரங்கள் மணலுக்குள் இறங்கத் தொடங்கின.

நான் சங்கிலியைக் கொளுவி இழுத்தேன். என் டீசல் தன்னால் ஆனமட்டும் முயன்றது. ஆனால் வாகனம், ட்ரெயிலர், நீர் நிறைந்துவரும் தோணி மூன்றையும் ஒன்றாக இழுக்க அதனாலும் இயலவில்லை. என் சக்கரங்களும் குழி தோண்டின. ஒன்றைக் கழற்றிவிட்டால்தான் மற்றது வரும்.

கலீல் இடுப்பளவு நீரில் நின்று, "காக்கா, தோணியத்தான் முதல்ல எடுக்கணும். என்ட வாகனம் கிடக்கட்டும்" என்றான். அந்த வாகனத்தில்தான் அவன் வீட்டு உலை கொதித்தது. ஆதம்லெவ்வைக் காக்கா அதற்குள் தோணியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"வாகனத்த எடுங்க. தோணி மிதக்கும், வாகனம் மிதக்காது."

சொன்னது அவ்வளவுதான். நாங்கள் மூவரும் சேர்ந்து தண்ணீரை இறைத்து, தோணியை மறுபடியும் கடலுக்குள் தள்ளினோம். அவர் தனியாக ஏறி என்ஜினை எழுப்பி, இரண்டு அலைகளை ஏறிக் கடந்து, அலை உடையாத தூரத்துக்குப் போனார். ட்ரெயிலரையும் கழற்றிவிட்ட பின், டீசல் முதலாம் கியரில் கலீலின் வாகனத்தை மெல்ல மெல்ல உலர்ந்த மணலுக்கு ஏற்றியது. பிறகு ட்ரெயிலரையும் மீட்டோம். திரும்பிப் பார்த்தபோது தோணி கண்ணில் படவில்லை. மழைமூட்டம் கடலை மறைத்திருந்தது.

அதன் பின்னரான காத்திருப்பைத்தான் நான் இன்றும் நினைக்கிறேன். மஃரிபுத் தொழுகைக்குச் சற்று முன், இருட்டத் தொடங்கிய நேரம். என் என்ஜின் கடகடவென்று ஓடிக்கொண்டேயிருந்தது. அந்த இரைச்சலில் வேறெதுவும் கேட்கவில்லை.

"நிப்பாட்டுங்க மச்சான், தோணிட சத்தம் வருதா எண்டு காது குடுப்பம்" என்றான் கலீல்.

"நிப்பாட்டினா இந்த மணல்ல தள்ளி எழுப்ப ஏலாது. அவரு வந்தா இழுக்கிறதுக்கு என்ன இரிக்கி?" என்றேன்.

வாழ்நாளெல்லாம் என் வாகனத்தின் சத்தத்தைக் கேலி செய்தவன் அன்று கரையோரமாக நடந்து, இரைச்சல் எட்டாத முனைவரை போனான். தன்னுடைய வாகனத்தின் மூடியைத் திறந்து துடைக்கவும் அவன் நினைக்கவில்லை. கடலைப் பார்த்தபடி, ஒரு கையைக் காதருகில் குவித்து நின்றான். நான் விளக்குகளைக் கடலை நோக்கிப் போட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடலைப் பார்ப்பதற்கு எனக்குத் துணிவு வரவில்லை.

நெடுநேரத்தின் பின் அவன் சட்டையைக் கழற்றி வீசிக்காட்டினான்; பிறகு ஓடிவந்தான். காக்கா வெளிச்சத்தைக் குறிவைத்து, ஓர் அலையின் முதுகில் தோணியைக் கரைக்கு ஏற்றிவிட்டார். சங்கிலி கொளுவப்பட்டது, டீசல் நடந்தது, தோணி ட்ரெயிலரில் அமர்ந்தது. குளிரில் பற்கள் அடித்துக்கொள்ள அவர் கேட்ட முதல் கேள்வி, "கலீல், உன்ட வாகனம் எழும்பிச்சா?" என்பது. கலீல் பதிலுக்கு, கையிலிருந்த சட்டையை அவர் தோளில் போர்த்திவிட்டான்.

பெற்றோல் வாகனத்தை அங்கேயே ஒரு விருந்தினர் விடுதியின் வளவில் விட்டுவிட்டு, மூவரும் என் வாகனத்தில் நெருங்கி அமர்ந்து தோணியை ஊருக்கு இழுத்துவந்தோம். வழியில் திருக்கோவில் ஊரைத் தாண்டினோம். பிறகு கலீல், "எல்லாம் சரிதான் மச்சான், சத்தம் மட்டும் கொஞ்சம் கூட" என்றான். காக்கா சிரித்த சிரிப்பில் எனக்கு ஸ்டியரிங் ஆடிற்று.

மறுவாரமே கலீல் அந்தத் தாங்கியையும் திருகையும் கழற்றி எறிந்தான். சில வருடங்களில் இரண்டு வாகனங்களும் இரும்பு விலைக்குப் போயின. ஆதம்லெவ்வைக் காக்கா அதே தோணியில் இன்னும் பல காலம் தொழில் செய்து, நோயில் கிடந்து மௌத்தானார். இப்பொழுது தோணிகளை உழவு இயந்திரங்கள் இழுக்கின்றன. கடலில் தாமதிப்பவர் கைத்தொலைபேசியில் அழைத்து, இன்ன இடத்தில் வருகிறேன் என்று சொல்லிவிடுகிறார். அது நல்லதுதான், அன்று அப்படியொன்று இருந்திருந்தால் நாங்கள் அவ்வளவு பயந்திருக்கமாட்டோம். கலீல் நின்ற அந்த முனை இன்றும் இருக்கிறது. அங்கே அலைச்சறுக்குப் பலகைகளோடு வந்த வெளிநாட்டவர்கள் அலை பார்த்து நிற்கிறார்கள். கடலுக்குள் போன ஒருவருக்காகக் காது கொடுத்து நிற்பவர் எவரையும் நான் அங்கே காணவில்லை.